ஸ்டெல்லாக்கா வீட்டுக் காய்ச்சல்

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் பி.எச்.ஐ.யாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு முறைப்பாடு வந்தது. ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பன்றி வளர்க்கிறார்கள், கழிவு பீலித் தண்ணீரில் கலக்கிறது என்று அங்கே குடியிருக்கும் முனியாண்டி அண்ணன் வந்து சொன்னார். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழுகிற, அந்த லயமே குடிக்கிற பீலி அது.

நாற்றமும் கழிவும் உண்டாக்குகிற தொழிலுக்குப் பிரதேச சபையின் லைசன்ஸ் வேண்டும். வீடுகளை ஒட்டிச் செய்யவும் கூடாது. பயிற்சியில் படித்தது எல்லாம் மனப்பாடமாக இருந்தது. முனியாண்டி அண்ணனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பன்றி வளர்ப்பது ஸ்டெல்லாக்கா. லயத்தின் பின்னால் கொட்டில் காலியாக இருந்தது. அப்போதுதான் கழுவிய ஈரம்.

"பன்னியா? அது போன மாசமே வித்தாச்சுங்க சேர்" என்றார்.

நாற்றம் மட்டும் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நான் வாசலில் கால் வைத்ததும் குறுக்கே நின்றார்.

"உள்ள வராதீங்க சேர். எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல படுத்திருக்காரு."

பாவம், காய்ச்சல் என்றால் பி.எச்.ஐ. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்திருக்கிறார். காய்ச்சலைத் தேடிப் போவதே எங்கள் முதல் வேலை; எனக்குப் பன்றியே மறந்துபோனது.

"எலிக்காய்ச்சலா இருந்தா ஆபத்துங்க அக்கா. நான் பாத்தே ஆகணும்."

"எலியெல்லாம் இல்லீங்க சேர்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் உள்ளே போய்விட்டேன்.

கட்டிலில் யாரோ தலை வரை போர்த்திப் படுத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த, சிறுத்தைப் புள்ளி போட்ட தடித்த போர்வை. உள்ளே மூச்சு கரகரவென்று இழுத்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பதறி, நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையைப் போர்வைக்குள் விட்டேன். நெற்றி அகப்படவில்லை. ஈரமான, வட்டமான ஏதோ ஒன்று என் உள்ளங்கையை முகர்ந்தது.

அதே நேரம் வாசலில் ஓர் ஆள் சாக்கு மூட்டையை இறக்கினார்.

"ஸ்டெல்லா, பன்னிக்கு கோவா எல கொண்டாந்துட்டேன்."

அவர்தான் வீட்டுக்காரர் அந்தோனி.

கோவா, அதாவது முட்டைக்கோஸ், என்ற சொல் கேட்டதும் நோயாளி எழுந்தது. என்னைத் தள்ளி, மூட்டையைத் தாண்டி, போர்வையோடு தேயிலை மலைக்குள் ஓடியது. மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் செடிகளுக்கிடையே புள்ளிப் புள்ளியாக ஒன்று பாய்ந்து வருவதைப் பார்த்தார்கள்.

"சிறுத்த! சிறுத்த!"

கூடைகள் உருண்டன. வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த கங்காணி மரத்தில் ஏறியவர், போர்வை ஒரு செடியில் மாட்டி, கீழே பன்றி நிற்பதைப் பார்த்த பிறகும் இறங்க மறுத்தார்.

ஸ்டெல்லாக்கா அழுதார். "சினையா இருக்குங்க சேர். மக கெம்பஸ்ல படிக்கப் போக இதோட குட்டிங்களத்தான் நம்பியிருக்கோம். புடிச்சிட்டுப் போயிடாதீங்க."

அப்போதுதான் இடத்தைச் சரியாகப் பார்த்தேன். கொட்டில் மேட்டில், பீலி பள்ளத்தில். தோட்டத்து ஆபிசில் பேசி, பீலிக்கும் வீடுகளுக்கும் கீழே தள்ளி ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கினோம். கழிவுக்குக் குழி வெட்டினார்கள். பலகை சுமக்க வந்தவர் முனியாண்டி அண்ணன்தான். "இவ்வளவு நாள் நாத்தம் குடுத்தீங்க, கிறிஸ்மசுக்குக் கறியும் குடுங்க" என்று கேட்டுக்கொண்டே சுமந்தார். பீலியைக் கழுவிக் குளோரின் போட்டு, தண்ணீரைச் சோதித்து, சரியான பிறகே குடிக்க விட்டேன்.

புதிதாக வருகிற பி.எச்.ஐ. தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். போனதும் பன்றி எங்கே என்று கேட்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பன்றியை ஒளிப்பவர்கள்கூட தண்ணீரைக் காட்ட முன்னால் நடப்பார்கள்.

லைசன்ஸுக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்தோனி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சேர், அதுல என் பேரு வேணாம், அவ பேரப் போடுங்க. இப்பவே என்னையப் பாக்குறவங்க எல்லாம் காய்ச்சல் எப்படின்னு கேக்குறாங்க."