சங்கிலி புதைந்த கழுத்து

எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். வீங்கிய தோலுக்குள் அது புதைந்து கிடந்தது, கொக்கி அகப்படவில்லை. தாதி கத்தரியால் வெட்டி எடுத்தார். பதுளை ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்ற அத்தை, என் மாமியார், முதலில் கேட்டது இதைத்தான்:

"ஐயோ, சங்கிலிய ஏன் வெட்டுனாங்க?"

என் இமைகள் வீங்கி மூடியிருந்தன. அவர் முகம் தெரியவில்லை. அந்தக் குரலை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாட்களுக்கு முன், தெமோதரைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் படியில் தண்ணீர்க் கேனோடு வழுக்கி விழுந்தேன். விலா வலித்தது. மறுநாள் கழுத்தும் கன்னமும் உப்பின.

"இது பொன்னுக்கு வீங்கிடி," என்றார் அத்தை. (கன்னச் சுரப்பிகள் வீங்கும் தொற்று.) "பொன்னு போட்டா வத்திரும். வெளிய போகாத, காத்துப் பட்டா கூடும்."

தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். வீங்கிய இடத்தைத் தொட்டால் நறநறவென்றது. உயர்தரம் வரை படித்தவள் நான், சந்தேகம் வந்தது.

"விழுந்ததுனால இருக்குமோ, அத்தை?"

"நீ படிச்சவ. நான் நாலு புள்ள வளத்தவ."

அடங்கிவிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டாமா என்று இன்றும் என்னையே கேட்கிறேன்.

அடுத்த நாள் என் குரல் மூக்கால் பேசுவதுபோல மாறியது. ஒன்றரை வயது மகள் அதைக் கேட்டு அலறி, என் மடியிலிருந்து இறங்கி ஓடினாள். அதன் பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"இது கூவக்கட்டு இல்லை, பிள்ளை," என்றார் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா. பொன்னுக்கு வீங்கிக்கு அவர்கள் ஊர்ப் பெயர் அது. "விலா முறிஞ்சு நுரையீரலைக் குத்தியிருக்கு. காத்து தோலுக்குக் கீழ பரவுது. கொஞ்சமெண்டா தானா வத்தும். உங்களுக்குத் தொண்டையை நெருக்குது, பாத்துக்கொண்டிருக்கேலாது."

முதலில் முகமூடி வழியாக ஒட்சிசன் (தேங்கிய காற்றை உடல் விரைவாக உறிஞ்ச உதவும்). பிறகு நெஞ்சுக் குழாய் (விலாக்களுக்கு இடையே செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விடுவது). போத்தலில் குமிழிகள் வந்தன, ஆனால் கழுத்து வற்றவில்லை. மறுநாள் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு காறை எலும்புகளுக்கும் கீழே தோலைச் சிறிதாகக் கீறினார்கள். டொக்டரம்மா கழுத்திலிருந்து கீறலை நோக்கி உள்ளங்கையால் தடவத் தடவ, காற்று சீறி வெளியேறியது. எல்லோருக்கும் இது தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டது.

மாலையில் ஒரு கண் திறந்தது. அத்தையின் இடுப்பில் மகள். கையை நீட்டினேன். அவள் அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அதற்காக அத்தையை நான் மன்னிக்கவில்லை. அவரிடம் இருந்த ஒரே தங்கம் அந்தச் சங்கிலி என்பதும், ஆசையோடுதான் போட்டார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிக்க முடியவில்லை.

விழுந்த பிறகு கழுத்து வீங்கி, தொட்டால் நறநறத்தால், யார் சொல்லுக்கும் காத்திருக்காதீர்கள்.

மகள் இப்போது என் மடியில்தான் தூங்குகிறாள். அவள் தூங்கியதும் தழும்புகளை விரலால் அழுத்தி, சத்தம் வருகிறதா என்று கேட்கிறேன். வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு மூச்சையும் உள்ளே போய் வெளியே வரும்வரை கவனிக்கிறேன்.

வெட்டிய சங்கிலி என் பெட்டியில் இருக்கிறது. பதுளையில் ஒட்டித்தரப் பத்து நிமிடம் போதும்.

"டவுனுக்குத்தானே போற, அத ஒட்டிட்டு வாயேன்," என்பார் அத்தை.

"வீக்கம் முழுசா வத்தட்டும், அத்தை."

என் மெலிந்த கழுத்தைப் பார்ப்பார். அவர் என்னைக் காக்கவைத்தது ஒரே நாள். இது ஐந்தாவது மாதம்.