திங்கட்கிழமை வண்டி ஓடாது

பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வுபெற்ற அவரை, சபையில் எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். காக்கிச் சட்டையைக் கழற்றினாரே தவிர, வேலையைக் கழற்றவில்லை. ஆராதனை நேரத்தில் ஆலய வாசலில் யாராவது கூட்டமாக நின்றால் அவர் வாய் சும்மா இருக்காது.

"உள்ள போங்க, உள்ள போங்க! முன்னாடி பெஞ்சு காலியாத்தானே கெடக்கு? படியில நிக்காதீங்க!"

அவரைச் சபைக் கமிட்டிக்குச் செயலாளராக்கியதும் அதற்காகத்தான். கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் தோல்பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவார். அதோடு எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

ஆலயத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் மட்டும் அவருக்கு விசில் ஊதத் தோன்றவில்லை. போதகர் மாப்பிள்ளையின் தலையில் கை வைத்தார். கண்ணை மூடினார். உருக்கமாக ஜெபித்தார்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரனுடைய ஆத்துமாவை உம்முடைய கரத்தில் ஏற்றுக்கொள்ளும். இவரை இழந்து தவிக்கிற குடும்பத்துக்கு ஆறுதல் தாரும்."

மாப்பிள்ளை நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாமனார் மட்டும் சத்தமாக "ஆமென்" என்றார். ஆலயமே குலுங்கிச் சிரித்தது. விசில் சிரிக்கவில்லை. இரண்டு ஷிப்ட் தொடர்ந்து ஓட்டிய ஓட்டுநர், பாலத்துக்கு முன்னால் கண்ணசந்ததை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர். அன்று அவர் கத்திய கத்தலில்தான் வண்டி பிழைத்தது.

விருந்து முடிந்ததும் போதகரை ஓரமாகப் பிடித்தார்.

"ஐயா, கடைசியா எப்போ லீவு எடுத்தீங்க?"

"ஊழியத்துக்கு ஏது லீவு?"

"ஆறு நாள் வேலை செஞ்சிட்டு ஏழாவது நாள் ஆண்டவரே ஓய்ந்திருந்தார்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க?"

"அது பிரசங்கம்," என்றார் போதகர்.

பக்கத்தில் நின்ற போதகரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தூக்கத்துல புரண்டு படுத்தாக்கூட 'ஸ்தோத்திரம், யார் பேசறது'ன்னு கேக்கறாருண்ணே. இந்த மாசத்தோட ஊழியத்தை விட்டுடறேன்னு பேராயர்கிட்ட சொல்லப் போறாராம். எதுக்குன்னு கேட்டா, ஜெபம் பண்ண உக்காந்தா மனசுல ஒண்ணுமே வரலைங்கறாரு."

விசில் அன்று மாலையே கமிட்டியைக் கூட்டினார். இனித் திங்கட்கிழமை போதகருக்கு ஓய்வு நாள், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

முதல் திங்கட்கிழமை விடிந்தது. போதகர் நன்றாக ஓய்வெடுக்கிறாரா என்று பார்க்கச் சபையே கிளம்பிவிட்டது. ஒருவர் சூப் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். பாடகர் குழு ஜன்னலடியில் நின்று, இளைப்பாறுதலைப் பற்றி நாலு குரலில் பாடியது. வாலிபர் சங்கம் 'போதகரின் ஓய்வுக்கான விசேஷ ஜெபக்கூட்டம்' வைத்து, அதை நடத்தித் தரும்படி போதகரையே கேட்டது. அவரும் நடத்திக் கொடுத்தார். சாயங்காலம் போதகரின் முகம், கடைசி டிரிப் முடித்த டயர் மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கு உங்க தீர்மானம்!" என்றார் போதகரம்மா.

அடுத்த திங்கட்கிழமை விடியும் முன்பே, விசில் போதகர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தோளில் பழைய தோல்பை. அதற்குள் போதகரின் கைப்பேசி. மணி அடித்தபோதெல்லாம் அவரே எடுத்தார்.

"வண்டி இன்னைக்கு டிப்போல நிக்குது. என்ன விஷயம்? ஆஸ்பத்திரியா? பக்கத்து சபை போதகர் வருவார், பேசி வச்சிருக்கேன். அவரோட ஓய்வு நாளுக்கு நம்ம ஐயா போவார். என்னது, மைக் செட்டா? அதுக்கு போதகர் எதுக்குய்யா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு!"

சூப்புக்காரர் வந்தார். "சூப்பு மட்டும் ஏறலாம், ஆள் ஏறக் கூடாது" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார். பாடகர் குழுவைத் தெருமுனையிலேயே விசிலடித்து நிறுத்தினார்.

மத்தியானம் விசிலின் மனைவியே வந்து நின்றாள்.

"தள்ளுங்க. நான் ஐயாவைப் பாக்கணும்."

"இன்னைக்கு முடியாது."

"உங்களைப் பத்தித்தான் சொல்லப் போறேன். வீட்டுல மோட்டார் ஓடலை, குழாய்ல சொட்டுத் தண்ணி இல்லை. நீங்க இங்க ராஜா மாதிரி உக்காந்திருக்கீங்க. நாலு வார்த்தை கேக்கச் சொல்றேன்."

"நாளைக்குச் சொல்லு."

"கட்டின பொண்டாட்டிக்கே இடமில்லையா?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மேட்டில் ஏறத் திணறும் பழைய பேருந்து போல, நீளமான, கனமான குறட்டை. அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயாவா?"

"ஆமா."

"பாவம்," என்றாள். பிறகு படியில் உட்கார்ந்து, சூப்புப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். "ஆறிப் போச்சு. நாமளே குடிச்சிடலாம்." குடித்துவிட்டு, தெருவில் ஹாரன் அடித்த ஆட்டோக்காரனை அவளே முறைத்து விரட்டினாள்.

வெயில் சாயும் நேரத்தில் போதகர் வெளியே வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. தலைமுடி ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. வழக்கம்போல் கைப்பேசிக்குக் கையை நீட்டினார். விசில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, பேராயருக்கா போன் பண்ணப் போறீங்க?"

போதகர் நீட்டிய கையை மடக்கி, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"வேண்டாம், நீங்களே வச்சிருங்க. நாளைக்கு முதல் டிரிப் எத்தனை மணிக்கு?" என்று கேட்டபடி மறுபடி உள்ளே போனார்.

விசில் வண்டியைக் கிளப்புகிறவர் போல விசிலை வாயில் வைத்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊதித் தொலைக்காதீங்க. அவர் இன்னும் கொஞ்சம் தூங்குவார்."