லெந்து காலத்தில் எனக்குக் கிடைத்த ஈரல் பிரட்டல்

உட்கார்ந்தால் என் கால்கள் என்னைச் சும்மா விடுவதில்லை. என் வியாதியை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வலி என்று சொல்ல முடியாது. அரிப்பும் இல்லை. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள்ளே, சோடா பொங்குவது போல ஒன்று. எழுந்து நடந்தால் அடங்கும். உட்கார்ந்தால் மறுபடி வரும். பொழுது சாயச் சாய அதிகமாகும். படுத்தால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு வயது முப்பத்து நான்கு. வேறொரு நோய்க்காகச் சாப்பிட்ட ஸ்டீராய்டு மருந்தால் இடது இடுப்பு மூட்டு கெட்டுப்போய், போன கிறிஸ்துமசுக்கு முன்னால் அதை மாற்றி வைத்தார்கள். இதை வாசிக்கிற நம் சபையார் எல்லாரும் அதற்காக ஜெபித்தீர்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. கைத்தடியோடு நடந்து வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கால் தொல்லை.

புதியது என்றும் சொல்ல முடியாது. என் மகள் ஹன்னா வயிற்றில் இருந்தபோது லேசாக இருந்தது. அவள் பிறந்ததும் போய்விட்டது. இப்போது பல மடங்காகத் திரும்பி வந்தது. மூட்டை மாற்றியதே தவறோ? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமோ? இதையே நினைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ஹன்னாவுக்கு நான்கு வயது. என்மேல் ஒரு காலைப் போட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆசையாக வந்து படுத்தாள். சில நாள்தான். பிறகு தலையணையைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போய்விட்டாள்.

"அம்மா என்னைய ஒதைக்கிறாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் பிள்ளை என் பக்கத்தில் மறுபடி தூங்க வேண்டும். ஆண்டவரிடம் நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

கிள்ளானில் எங்கள் வட்டாரத்து ஜெபக் கூட்டம் வெள்ளிக்கிழமைகளில் ரூபி ஆன்டி வீட்டில் நடக்கும். ரூபி ஆன்டி கேரி தீவில் பிறந்து வளர்ந்தவர். குரலை உயர்த்தாமலே எல்லாரையும் கீழ்ப்படிய வைப்பார். ஜனவரியில் ஒரு கூட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது என் கால் தானாக உதறி, முன்னாலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்துவிட்டது. ஆன்டி வேகமாக வந்து என் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவர் தொடுறாரு, பிரிசி. அடக்காத. விட்டுடு!"

நான் விட்டுவிட்டேன். கால்கள் இரண்டும் ஆடின. சுற்றிலும் ஸ்தோத்திரம் எழும்பியது. கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது இன்னொரு சகோதரி என் காதருகே வந்து, "ஆன்டி சொல்றாங்கன்னு சும்மா இருக்காத. இது வேற ஏதோ மாதிரி இருக்கு. பாஸ்டர கூப்பிட்டு வீட்டுல ஜெபம் பண்ணிரு" என்றார்.

காரில் என் கணவர் ஸ்டீபனிடம் இரண்டையும் சொன்னேன்.

"ஆவியும் இல்ல, பேயும் இல்ல. நரம்பு லா" என்றார்.

"அப்ப டாக்டர்கிட்ட சொல்லலாமா?"

"அவரு இடுப்பு டாக்டரு. இடுப்புதான் நல்லா இருக்கே."

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றையும் நான் நம்பினேன். மூன்றையும் சந்தேகப்பட்டேன்.

உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து தொடங்கியது. ரூபி ஆன்டி கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்தார்: "இந்த லெந்து முழுக்க பிரிசி காலுக்காக நம்ம உபவாசம். கறி, மீன், முட்டை ஒன்னும் கெடையாது. ராத்திரிக்குச் சாப்பாடும் கெடையாது, தேத்தண்ணி மட்டுந்தான். பிரிசி, நீயும் கலந்துக்கோ."

எனக்காக இத்தனை பேர் பட்டினி இருக்கும்போது நான் எப்படிச் சாப்பிடுவது? எல்லாரையும்விட ஒழுங்காக இருந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக்கூட மறக்கவில்லை. மாலையில் கெட்டியான பால் தேநீரோடு விழுங்குவேன்.

ஆனால் கால்கள் மோசமாகிக்கொண்டே போயின. ஜெபிக்க ஜெபிக்க அதிகமானது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் என் விசுவாசம் குறைவு என்று ஆகிவிடாதா? கூட்டத்தில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்ல ஆன்டி" என்பேன்.

பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகம். ஒரு மாலை கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், கைத்தடியைப் பார்த்து ஓர் இளைஞர் எழுந்து, "அக்கா, உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அடுத்த நிலையம் வருவதற்குள் எழுந்துவிட்டேன். அவர் திகைத்துப் போனார்.

"என்னாக்கா, சீட்டு ஈரமா?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவர் யாரிடமாவது என்னைக் கொண்டுபோய் விடும்." அன்று சுகத்தைக்கூட நான் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை.

அதற்கு அடுத்த வாரம் இடுப்பைப் பார்க்க ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். வழக்கமான டாக்டர் விடுப்பு. அவருக்குப் பதிலாக ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். என் எக்ஸ்ரேயைப் பார்த்து எல்லாம் சரி என்றார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நாற்காலி இருக்கு. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாயங்காலம் அதிகமாகிறதா, நடந்தால் அடங்குகிறதா, கர்ப்பமாக இருந்தபோது வந்ததா என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆமாம். இதற்குப் பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ், அதாவது ஓய்வில்லாத கால்கள் என்றார். என் பைத்தியத்துக்கு ஒரு பெயர் இருந்தது!

"ஆபரேஷன்ல ரத்தம் போயிருக்கும். இரும்புச்சத்து கொறஞ்சா இது ஏறும். மாத்திர குடுத்திருப்பாங்களே, எதோட சாப்புடுறீங்க?"

"பால் தே, டாக்டர்."

அவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "தே அந்தச் சத்த ஒடம்புல ஏறவிடாதும்மா. சரி, கறி சாப்புடுறீங்களா?"

"லெந்து, டாக்டர். உபவாசம்."

"எதுக்காக?"

"இந்தக் காலுக்காகத்தான்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. அதைச் சொட்டு சொட்டாக நரம்பில் ஏற்ற ஏற்பாடு செய்தார். உபவாசத்தை நிறுத்தி, ஈரலும் கறியும் கீரையும் சாப்பிடச் சொன்னார்.

காரில் திரும்பும் வழியில் எனக்குக் காலைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது.

"ரூபி ஆன்டிகிட்ட யாருங்க சொல்றது?"

"நீதான்" என்றார் ஸ்டீபன். "நான் காடி ஓட்டுறேன்."

ஆன்டி வீட்டு வாசலில் நின்றே சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ, நான் வேண்டிக்கிட்டதே ஒனக்குக் கெடுதலாயிருச்சா, பிரிசி?"

அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "தெரியல ஆன்டி" என்றேன். உண்மையில் தெரியவில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆட்டு ஈரலா, கோழி ஈரலா?"

"டாக்டர் சொல்லல ஆன்டி."

"அத கேக்காம வந்துட்டியா? படிச்ச புள்ளதானே நீ! சரி, ஆட்டு ஈரலே செய்றேன். நீ சாப்புடு. நாங்க உபவாசத்த விடமாட்டோம். ஒன் பங்கையும் சேத்து நாங்க இருக்குறோம்."

லெந்து முடியும்வரை அவர் எனக்கு ஈரல் பிரட்டல் சமைத்துக் கொண்டுவந்தார். உபவாசத்தில் இருப்பதால் ருசி பார்க்க மாட்டார். ஒரு நாள் உப்பே இருக்காது. மறுநாள் உப்புக் கரித்து வாயில் வைக்க முடியாது. எதிரில் உட்கார்ந்து, "உப்பு சரியா?" என்று கேட்பார். "சரியா இருக்கு ஆன்டி" என்பேன். ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் ஆன்டி வீட்டில் சாப்பிட்டோம். அன்றுதான் அவர் தான் சமைத்த ஈரலை முதன்முதலாக வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"அடிப்பாவி! இதையா இத்தன நாளா தின்ன?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். சாப்பாடு முழுவதும் நான் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

நோய் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நீண்ட பயணத்தில், மிகவும் களைத்த நாளில், எட்டிப் பார்க்கிறது. டாக்டர் இன்னும் இரத்தத்தைப் பரிசோதிக்கிறார். மாத்திரையை இப்போது ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்குகிறேன்.

ஆண்டவர் எந்த ஜெபத்துக்குப் பதில் தந்தார்? தலையில் கை வைத்துச் செய்த ஜெபத்துக்கா, ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்த ஜெபத்துக்கா? உபவாசம் என்னைக் கெடுத்ததா, அந்த டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததா? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே ஸ்தோத்திரம் சொல்லப் பழகியிருக்கிறேன். இனி யார் கேட்டாலும் "பரவாயில்ல" என்று சொல்வதில்லை. உள்ளதைச் சொல்கிறேன், டாக்டரிடமும் ஆண்டவரிடமும்.

இதை வாசிக்கிற சகோதரியே, உங்களுக்கும் ஒன்றும் புரியாத ஒரு பாடு இருக்கலாம். "எனக்குப் புரியவில்லை" என்பதையே ஜெபமாகச் சொல்லுங்கள். அவர் அதையும் கேட்கிறார்.

போன வாரம் ஹன்னா தலையணையோடு என் கட்டிலுக்கு வந்தாள். என் காலைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, வாயில் விரல் வைத்து, "ஷ்ஷ், அம்மா காலு தூங்குது" என்று சொல்லிவிட்டு, தன் காலை என்மேல் தூக்கிப் போட்டாள்.