ஸ்பெயின்காரியும் மதினியும்

சிவகாசியில் கழுத்தில் ஒரு பட்டு ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், முதலில் எதிர்ப்படுகிறவர் "தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்பார். அடுத்தவர் மிளகுக் கஷாயத்துக்குப் பக்குவம் சொல்வார். தலையில் கட்டினால் காதுவலி. கைப்பையின் பிடியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் பை அறுந்துவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும் நான் செய்து பார்த்துவிட்டேன். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் வரைந்து, நிறம் நிறமாக அச்சிட்டு, விளிம்பைக் கையால் சுருட்டித் தைத்த சதுரப் பட்டு. அதைக் கட்டிக்கொள்ள எங்கள் ஊரில் ஒரு நியாயமான காரணம் கிடைக்கவில்லை.

கடைசியில் ஸ்கூட்டர்தான் வழிகாட்டியது. எங்கள் பக்கம் வண்டி ஓட்டும் பெண் முகத்தை எதைக்கொண்டு மூடினாலும் ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. முக்கோணமாக மடித்து, மூக்குக்கு மேல் ஏற்றி, பின்னால் ஒரு முடிச்சு. பார்ப்பதற்குக் கொள்ளைக்காரி மாதிரி இருக்கும். ஆனால் அந்த மூக்கின் மேல் பாலே நாட்டியக்காரிகள் நுனிக்காலில் நின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியும், அது போதும்.

நான் சேர்ப்பது நாட்டியம் உள்ள ஸ்கார்ஃப் மட்டும். குதிரை, பூ, கோட்டை, சங்கிலி போட்டதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். காரணம் என் வேலைதான். ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். வருஷம் முழுக்கச் சதுரத்துக்குள்ளும் வட்டத்துக்குள்ளும் எதையாவது ஆடவிடுவதுதான் பிழைப்பு. பல வருஷத்துக்கு முன்னால் வடக்கே இருந்து ஒரு வியாபாரி, புஸ்வாணப் பெட்டிக்கு மாதிரியாக ஒரு ஸ்கார்ஃபை அனுப்பி, "இந்த மாதிரி ஆட வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். நடுவில் பூக்கூடை, நாலு மூலையிலிருந்தும் நாலு பெண்கள் பாவாடையைச் சுழற்றிக்கொண்டு நடுவை நோக்கி வருகிறார்கள். மடித்தால் ஒருத்தி, விரித்தால் நாலு பேர். நான் அன்று முழுக்க அதை மடித்தும் விரித்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆர்டர் முடிந்து திருப்பி அனுப்பவா என்று கேட்டபோது, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும், அன்று பிடித்த கிறுக்கு.

அதன்பிறகு ஆன்லைனில் பழைய ஸ்கார்ஃப் விற்கிறவர்களைத் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தேன். முகமூடி விருந்தில் ஆடுகிறவர்கள் வந்தார்கள். வெள்ளை அங்கி விரியச் சுழலும் சூஃபிகள் வந்தார்கள். டெல்லியில் யாரோ வரைந்த கதக் நாட்டியக்காரி, கால் சலங்கையின் மணிகூடத் தனித்தனியாகத் தெரிகிறவள், அவளும் வந்தாள். பீரோவில் ஒரு தட்டு முழுக்க அவர்களுடைய ராஜ்யம். நடுநடுவே பழைய வேட்டித் துணி, மூலையில் காய்ந்த வேப்பிலை. மல்லாங்கிணற்றில் புஞ்சைக்குக் கூலிக்குப் போய் என்னைப் படிக்கவைத்த அம்மா இருந்திருந்தால் அந்தத் தட்டைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பார். எனக்குக் கல்யாணம் ஆகாததால் சொந்தக்காரர்கள் அதையும் சேர்த்துச் சொல்வார்கள்: பட்டுப்புடவை வாங்க வேண்டியவள் பட்டுக் கைக்குட்டையாக வாங்கிக் குவிக்கிறாளாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மதினிதான் எனக்குப் பெரிய மனக்குறை.

மதினி என் அண்ணன் மனைவி. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் அவர்கள் கீழ்வீடு, நான் மாடி. அண்ணன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப நாளாகும் என்பதால், கீழே மதினியும் மேலே நானுமாகத்தான் அந்த வீடு ஓடுகிறது. மதினி முதலில் பட்டாசுக் கம்பெனியில் திரி முடைந்தார், பிறகு மருந்துக் குழாய் சுற்றினார். இப்போது கம்பெனி வாசல் கேட்டில் பெண்களைச் சோதிப்பவர். செல்போன், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் வெளியே. எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி. உள்ளே பருத்தி மட்டும்தான் போகலாம். நைலான், பாலியஸ்டர், பட்டு எதுவானாலும் உடம்பில் உரசி மின்சாரம் ஏறும், மருந்து இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். அதனால் உள்ளே நுழைகிற ஒவ்வொருத்தியின் முந்தானையையும் மதினி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்துப் பார்ப்பார். பருத்தி என்றால் போ, இல்லையென்றால் வீட்டுக்குப் போ.

ஒருமுறை புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி பளபளவென்று சேலை கட்டி வந்தாள். மாமியார் எடுத்துக் கொடுத்ததாம். மதினி திருப்பி அனுப்ப, அவள் அழுதுகொண்டே போய் மாமியாரைக் கூட்டிவந்துவிட்டாள். "பட்டுன்னு சொல்லி எடுத்தது, நீ எப்படி வேணாம்னு சொல்லுவ?" என்று அந்த அம்மா கேட்டில் நின்று சண்டை. மதினி அசரவில்லை. "பட்டா இருந்தாலும் உள்ள விட மாட்டேன், நைலானா இருந்தாலும் விட மாட்டேன். ஆனா இது நைலான்தான். உங்கள ஏமாத்திட்டான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த மாமியார் இன்றைக்கும் மதினியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

இப்படிப்பட்ட மதினி என் ஸ்கார்ஃப்களை விரலால் தொடவே மாட்டார். புதுசாக ஒன்று வந்தால் மாடிக்கு வருவார், கட்டில் மேல் விரிக்கச் சொல்வார், புறங்கையால் ஒரு தடவு தடவுவார். அவ்வளவுதான். வருஷக்கணக்காகத் திரி முடைந்த விரல்கள், நுனியெல்லாம் சொரசொரப்பு. பட்டில் பட்டால் இழை இழுத்துக்கொள்ளும் என்பார். "ஒண்ணு எடுத்துக் கட்டுங்க மதினி, நம்ம ரெண்டு பேருந்தான வண்டியில போறோம்" என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். "எனக்கு எதுக்குத்தா இதெல்லாம், கேட்டுல கழட்டி வைக்கிறதுக்கா" என்று சிரித்துவிட்டு இறங்கிவிடுவார். லீவு நாளில் கேட்டாலும் அதே பதில். அவருக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை என்று நானே முடிவு கட்டினேன். எனக்கு அதில் கோபம்கூட உண்டு. இத்தனை பேரை வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருக்கிறேன், பார்த்துச் சந்தோஷப்பட ஒரே ஒரு ஆள், அவரும் இப்படி.

அப்போதுதான் ஸ்பெயின்காரி வந்தாள்.

அவளை நான் வெகுகாலமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சதுரம் முழுக்க ஒரே ஒருத்தி. மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருப்பார்கள். நடுவில் கறுப்புக் கொண்டையும் ஒரு சீப்பும், அவளைச் சுற்றிச் சிவப்புப் பாவாடை அடுக்கடுக்காக விரிந்து நாலு விளிம்பையும் தொடும். தரையில் சங்குசக்கரம் சுற்றுகிற அதே சுழற்சி. நான் அச்சடித்த அத்தனை சங்குசக்கரப் பெட்டிகளும் அவளுக்குப் பிறந்த பிள்ளைகள் என்று சொல்லலாம். எங்கேயும் கிடைக்காதவள் ஒருநாள் ஒரு விற்பனைப் பக்கத்தில் இருந்தாள். வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பதற்றத்தில் எதையும் கேட்காமல் வாங்கிவிட்டேன்.

பார்சல் வந்த அன்று மதினியைக் கூப்பிட்டு, அவர் முன்னால்தான் பிரித்தேன். விரித்ததும் சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்பக்கம் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. நல்ல பட்டில் மை ஊடுருவி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். அச்சுத் தொழிலில் இருக்கும் எனக்கு இது தெரியாதா என்ன. வெயில் பட்டிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதினி கிட்டே வந்தார். ஒரு மூலையை விரலால் பிடித்து, ஒரு தேய்ப்பு தேய்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"பட்டுதான மதினி?" என்றேன், விளையாட்டாக.

"பட்டுதான். அருமையான பட்டு" என்றார்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் சொந்தக்கார வீட்டு வளைகாப்பு. வண்டியை எடுக்கும்போது மதினி தயங்கி நின்று, "ஏத்தா, அந்த ஸ்பெயின்காரியக் குடேன், நான் கட்டிக்கிறேன்" என்றார். நான் மாடிக்கு ஓடினேன். என் பீரோவிலேயே உயர்ந்ததை மதினி தேர்ந்தெடுத்திருக்கிறார், என்ன ரசனை என்று பூரித்துப்போனேன்.

அன்றைய பயணம் மாதிரி ஒன்று அமைந்ததில்லை. எனக்கு மூக்கின் மேல் பாலேக்காரிகள், பின்னால் மதினிக்கு ஸ்பெயின்காரி. விருதுநகரில் மிளகாய் மண்டி இருக்கிற தெருவில் நுழைந்ததும் நெடி ஏறி வழியில் எல்லோரும் இருமினார்கள், நாங்கள் இருவர் மட்டும் இருமவில்லை. "வெளிநாட்டுக்காரி நல்லாத்தான் காவல் காக்கிறா" என்றார் மதினி முதுகுக்குப் பின்னால். வளைகாப்பு முடிந்து எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் கை கழுவிவிட்டு, ஸ்கார்ஃபைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மதினியை ஒரு படம் எடுத்தேன். ஒரு மூலையை விரல்களால் சுருட்டிக்கொண்டு, வேறெங்கோ பார்த்துச் சிரிக்கிறார். அதற்குப் பிறகு எங்கே கிளம்பினாலும் அந்த ஸ்பெயின்காரியைத்தான் கேட்பார்.

படத்தை நாங்கள் ஸ்கார்ஃப் சேர்ப்பவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெருமை விடுமா. ஆளாளுக்கு இதயம் அனுப்பினார்கள். சென்னையில் ஒரு அம்மா இருக்கிறார், குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் மட்டும் விளிம்பைக் கிட்டத்தில் காட்டச் சொன்னார். காட்டினேன். மெஷின் தையல் மாதிரி இருக்கிறதே என்றார். பிறகு, "ஓரத்தில் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசம் வரும், சாம்பல் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் உருகி மணியாகத் திரளும்" என்று எழுதினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரிடம் வந்து சொல்கிறார், துணி தொட்டுப் பார்ப்பதையே வேலையாகச் செய்யும் என் மதினி பட்டு என்று சொல்லிவிட்டார், இவர் யார் என்று பொருமினேன். ஆனால் விற்றவரின் பக்கத்தைத் தேடிப் பார்த்தபோது அது காணாமல் போயிருந்தது. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றேன். ஊர் ஊருக்குத் தீப்பெட்டி அனுப்புகிற மண்ணில் இருந்துகொண்டு, ஒரு குச்சியை உரசுவதற்கு அன்று அவ்வளவு தயங்கினேன். உரசினேன். நூல் சுருண்டு பின்வாங்கி, நுனியில் கறுப்பாக ஒரு மணி திரண்டது. பிளாஸ்டிக் வாளி கருகுகிற வாசம். ஆறியதும் விரலால் நசுக்கிப் பார்த்தேன், கடுகு மாதிரி உருண்டது.

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விற்றவனைத் திட்டினேன், சென்னை அம்மாவைத் திட்டினேன், என் கண்ணைத் திட்டினேன். கொஞ்சம் அழவும் செய்தேன். திட்டி முடித்தபிறகுதான் அது உறைத்தது. மற்ற எல்லாவற்றையும் புறங்கையால் தடவிய மதினி, இவளை மட்டும் விரலால் தேய்த்தார்.

கீழே போனேன். மதினி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, அந்த ஸ்பெயின்காரி பட்டு இல்ல."

"ம்" என்றார். கை நிற்கவில்லை.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"பாத்ததுமே சந்தேகம். தொட்டதும் தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் எதுக்குப் பட்டுன்னு சொன்னீக? கேட்டுல அந்தக் கல்யாணப் பொண்ணோட மாமியாகிட்ட மூஞ்சிக்கு நேரா சொன்னீகல்ல?"

"கேட்டுல பொய் சொன்னா உசுரு போகும். இங்கன சொன்னா என்னத்தா போகுது? நீ பார்சலப் பிரிச்சப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். அந்த நேரத்துல எவளுக்கு வாய் வரும்?"

வீம்புக்கு ஒன்று மட்டும் கேட்டேன். "சரி, அசல் அம்புட்டு இருக்கையில இதை மட்டும் எதுக்குக் கேட்டுக் கேட்டு வாங்கிக் கட்டுனீக?"

மதினி வெங்காயத்தைக் கீழே வைத்தார். விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

"அதுகளத் தொட்டா இழுத்துக்குமோன்னு பயந்துக்கிட்டே பாக்கணும். இதுன்னா எப்படிப் பிடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. அந்த ஆட்டக்காரிகள எனக்கும் பிடிக்குமில்லத்தா."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து இதைக்கூட நான் கண்டுகொள்ளவில்லை. மாடிக்குப் போய் ஸ்பெயின்காரியை எடுத்துவந்து அவர் மடியில் போட்டேன், இனி இவள் உங்களுக்குத்தான் என்றேன். மதினி அவளை விரித்து, இரண்டு கட்டைவிரலாலும் பாவாடை அடுக்குகளை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டு போனார். வெங்காய வாசம் ஏறுமே என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை.

கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. குழுவில் சென்னை அம்மா, எல்லோர் பார்வையிலும் படும்படி கேட்டிருந்தார்: நூலை எரித்துப் பார்த்தீர்களா, என்ன ஆயிற்று?

மதினி நிமிர்ந்து யாரென்று கேட்டார். குழுவில்தான், உங்கள் படத்தைப் பற்றி, என்றேன். பிறகு தட்டினேன்.

"பார்த்தேன். பட்டுதான். அருமையான பட்டு."