எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும்

குடிநீர் அலுவலகத்தின் வரைபட அறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவளை எல்லோரும் மேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த என்ஜினீயர்களுக்கும் அவள் அக்காதான். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது, எந்த முனையில் வால்வு இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்காவது குழாய் உடைந்து தெருவில் தண்ணீர் பெருக்கெடுத்தால், அங்கே நிற்பவர்கள் கணினியை நம்ப மாட்டார்கள். அவளுக்குத்தான் போன் போடுவார்கள். "மருந்துக்கடைக்கு எதிர்லதான நிக்கிறீங்க? அப்படியே இடது பக்கம் ஒம்பது அடி நடங்க. கால்ல ஒரு இரும்பு மூடி தட்டுப்படும்" என்பாள். தட்டுப்படும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வாய் ஓயாது. பெரிய என்ஜினீயர் போனில் மேலதிகாரியிடம் குழைவதையும், வைத்தவுடன் கீழே இருப்பவர்களிடம் குரைப்பதையும் மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவாள். அவள் பக்கத்திலேயே பதினைந்து வருடமாக உட்கார்ந்து சாப்பிட்ட டைப்பிஸ்ட், ஒருமுறை சிரிப்பில் சூப் மூக்கில் ஏறி, அரை மணி நேரம் தும்மியிருக்கிறாள். "உன் பக்கத்துல உக்காந்தா சாப்பாடு உள்ள போறதில்ல, வெளியதான் வருது" என்று திட்டுவாள். ஆனாலும் மறுநாள் அதே நாற்காலிக்கு முதல் ஆளாக வந்துவிடுவாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மேப் அக்காவிடம் விளையாட முடியாது. அவள் அறையில், உயரமான இரும்பு இழுப்பறைகளில், நூறு வருடத்து வரைபடங்கள் இருந்தன. சில துணியில் வரைந்தவை. ஒரு துளி டீ பட்டால் போதும், ஒரு தெருவே அழிந்துபோகும். "கப்போட உள்ள வந்தா காலை ஒடிச்சிடுவேன்" என்று அவள் கத்தியதில் புதிதாகச் சேர்ந்த என்ஜினீயர்கள் பலர் வாசலிலேயே நின்று டீயைக் குடித்து முடித்திருக்கிறார்கள்.

அவளுடைய ஐம்பத்து மூன்றாவது வயதில் இடது காதுக்கு அடியில் ஒரு கட்டி வந்தது. முதலில் கொண்டைக்கடலை அளவுதான் இருந்தது. டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எடுத்தே ஆகணும். ஆனா முகத்துக்குப் போற நரம்பு அதுக்குள்ளேயே ஓடுது. அதைக் காப்பாத்த முடியுமான்னு உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும்" என்றார். அவள் கணவர், தையல் மெஷின் பழுது பார்க்கிறவர், நட்டையும் ஸ்பிரிங்கையும் தவிர வேறெதையும் அதிகம் பேசாதவர், அன்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிரைக் காப்பாத்திக் குடுத்துடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை.

முகத்தின் இடது பாதி தொங்கிப்போனது. அதுகூடப் பழகிவிடும் என்று அவள் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் முதன்முதலாகக் கஞ்சி கொடுத்த நாளில்தான் முழு விஷயமும் தெரிந்தது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டோம் என்று நினைத்து நிமிர்ந்தபோது நர்ஸ் துண்டோடு வந்தாள். தாடை, கழுத்து, நெஞ்சு எல்லாம் கஞ்சி. எதுவும் உறைக்கவேயில்லை. உதடு மூடவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கண்ணாடியை எதிரில் வைத்து, இடது கன்னத்தை விரலால் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு கவளத்தையும் தள்ளித் தள்ளி விழுங்கப் பழகினாள். கண்ணாடியில் தெரிந்ததை இன்னொரு மனிதர் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

வேலைக்குத் திரும்பியதும், "டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிடச் சொல்லியிருக்கார். நேரங்காலம் கிடையாது. நீங்க போங்க" என்று டைப்பிஸ்டிடம் சொல்லிவிட்டாள். டைப்பிஸ்ட் ஒரு வாரம் வந்து வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். ஒரு மணிக்கு எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகு, மேப் அக்கா கடைசி இழுப்பறைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் ஸ்டூலைப் போட்டு, பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். முடித்ததும் ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைப்பாள். ஒரு பருக்கை விழுந்திருக்காது. எந்தக் காரியத்துக்காக மற்றவர்களைத் திட்டினாளோ அதையே தானும் செய்கிறோம் என்ற உறுத்தல் மட்டும் தினமும் இருந்தது.

வீட்டில் கதையை மாற்றிச் சொன்னாள். "நாலு மணிக்குத்தான் ஆபீஸ்ல எல்லாரோடயும் உக்காந்து நல்லா சாப்பிட்டேன். பசியே இல்லைங்க." கணவருக்குப் பரிமாறிவிட்டு, அவர் கை கழுவி வெளியே போன பிறகு சமையலறையில் நின்றபடி ஏதோ கொஞ்சம் உள்ளே தள்ளுவாள். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அப்போதுதான் புது மேலாளர் வந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி, சுறுசுறுப்பானவள், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவள். அவள் வந்த மாதமே ரசீதுப் பிரிவில் எலி புகுந்தது. மேசை இழுப்பறையில் யாரோ வைத்திருந்த பிஸ்கட்டைத் தேடி வந்த எலி, இரண்டு கணினியின் ஒயரையும் ஒரு கட்டு விண்ணப்பங்களையும் கடித்துக் குதறியிருந்தது. மேலாளர் எல்லோரையும் கூட்டினாள்.

"இனிமே யாரும் மேசையில சாப்பிட வேண்டாம். கீழே இருக்கிற ஹாலைச் சரி பண்ணி, புது மேசை நாற்காலி போட்டிருக்கேன். ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் எல்லாரும் அங்கதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எலி மட்டும் காரணம் இல்ல. நான் முன்னாடி இருந்த ஆபீஸ்ல ஒருத்தர் தினம் தன் சீட்லயே தனியா சாப்பிடுவார். ஒரு நாள் சாப்பிடும்போதே மயங்கிச் சரிஞ்சிட்டார். சாயங்காலம் கதவு பூட்ட வந்தவர்தான் பாத்தார். நம்ம ஆபீஸ்ல யாரும் தனியா சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை."

எல்லோரும் கை தட்டினார்கள். மேலாளர் மேப் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "வரைபட அறைக்குள்ள சாப்பாடு வரக் கூடாதுன்னு அக்கா எத்தனை வருஷமா கத்தியிருக்காங்கன்னு சொன்னாங்க. முதல்ல சந்தோஷப்படறது அவங்களாத்தான் இருக்கும்."

மேப் அக்காவும் கை தட்டினாள். வேறென்ன செய்வாள்?

முதல் நாள் ஹாலில் மேலாளருக்கும் டைப்பிஸ்டுக்கும் நடுவே அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். ஓரம் வெட்டிய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தாள். வலது பக்கமாக, சின்னச் சின்ன வாயாக வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு வாய் நன்றாகவே போனது. அதற்குள் எதிரில் இருந்த ஒருவர், "அக்கா, அந்தப் பழைய பெரிய சார் போன் பேசறதைச் செஞ்சு காட்டுங்க. புது மேடம் பாத்ததில்ல" என்றார். டைப்பிஸ்ட் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரிப்பைப் பார்த்து மேப் அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. வாயில் இருப்பதை மறந்தாள்.

என்ன நடந்தது என்று அவள் முகம் அவளுக்குச் சொல்லவில்லை. எதிரில் இருந்தவர்களின் முகங்கள்தான் சொல்லின. ஒருவர் பார்வையைத் தட்டுக்கு இறக்கினார். இன்னொருவர் சட்டென்று மழையைப் பற்றிப் பேச்செடுத்தார். டைப்பிஸ்ட் தன் கைக்குட்டையை எடுத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல அவள் தாடையையும் கழுத்தையும் மெல்லத் துடைத்துவிட்டாள்.

மேப் அக்கா டப்பாவை மூடினாள்.

மறுநாளிலிருந்து வயிறு சரியில்லை என்றாள். ஹாலுக்கு வந்து பத்து நிமிடம் வெறுமனே உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து, இரண்டாம் மாடியில் கோடியில் இருந்த கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். டப்பாவை மடியில் வைத்து, கண்ணாடியைக் கதவின் கொக்கியில் மாட்டிச் சாப்பிடுவாள். பக்கத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மெல்லுவதை நிறுத்திவிடுவாள். பல நாள் பாதியை அப்படியே கொட்டினாள். மூன்று வாரத்தில் வளையல் முழங்கை வரை ஏறியது.

ஒரு நாள் கரண்டி கை நழுவிக் கீழே விழுந்து, கதவுக்கு அடியில் உருண்டு வெளியே போய்விட்டது. வெளியே துடைப்பச் சத்தம் நின்றது. அலுவலகத்தைச் சுத்தம் செய்கிற அம்மாள்தான். மேப் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழாய் திறந்தது, கரண்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது. கதவுக்கு அடியில் கரண்டி உள்ளே நீண்டது.

"நாளையிலேருந்து பன்னெண்டரைக்கே இந்த ஒண்ணைக் கழுவி வெச்சிடறேன்மா" என்றது குரல். "ஒரு மணிக்குள்ள தரை காஞ்சிருக்கும்."

அவள் கழிப்பறைக்குள் உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மாள் அவள் அழுது முடிக்கிறவரை வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் "கழுவிட்டிருக்கேன், கீழ போங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

அந்த அம்மாளுக்கும் மனசு தாங்கவில்லை. நான்கு நாள் கழித்து டைப்பிஸ்டிடம் சொன்னாள். டைப்பிஸ்ட் அழுதுகொண்டே போய் மேலாளரிடம் சொன்னாள். மேலாளர் ஆடிப்போய்விட்டாள். அன்று மாலைக்குள் அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டப்பட்டது. மருத்துவக் காரணம் உள்ளவர்கள் விண்ணப்பித்து, மேலாளர் அனுமதியோடு தனி இடத்தில் சாப்பிடலாம். பெயர் ஏதும் இல்லை. ஆனால் அது யாருக்காக என்று அந்தக் கட்டடத்தில் தெரியாதவர் இல்லை. வரைபட அறையின் மூலையில், பூப்போட்ட துணித் தடுப்பும் ஒரு சின்ன மேசையும் வந்தன. கப்போடு வந்து திட்டு வாங்கிய என்ஜினீயர்கள் இப்போது கதவைத் தட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் வருவதுபோல மெதுவாக நடந்து வந்தார்கள்.

அதோடும் மேலாளருக்கு நிம்மதியில்லை. தையல் மெஷின் கடைக்குப் போன் போட்டு, "அவங்க இங்க ஒழுங்கா சாப்பிடறதே இல்ல சார். யாரோடயும் உக்காந்து சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சாம். வீட்லயாவது கொஞ்சம் பாத்துக்குங்க" என்று அவள் கணவரிடம் சொல்லிவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவர் கடையை மூடிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் எண்ணெய்க் கறைகூடக் கழுவவில்லை.

"ஆபீஸ்ல எல்லாரோடயும் சாப்பிட்டேன்னு தினம் சொல்லுவியே. யாரோட சாப்பிட்ட?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"நீ அங்கயாவது நல்லா சாப்பிடறன்னு நினைச்சுத்தான் நான் இங்க வாயைத் திறக்கல. என்கிட்ட மறைக்கிறதுக்கு நான் என்ன மூணாம் மனுஷனா?"

"மூணாம் மனுஷனா இருந்திருந்தா காட்டியிருப்பேங்க" என்றாள் அவள்.

அவர் எழுந்துபோய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார்.

விண்ணப்பப் படிவம் அவள் மேசையில் ஒரு வாரம் கிடந்தது. பெயர், பிரிவு, தேதி எல்லாம் நிரப்பிவிட்டாள். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். நகரத்தின் அத்தனை குழாய் விவரங்களையும் தன் கைப்பட எழுதியவளுக்கு அந்த ஒரு வரி எழுத வரவில்லை. கடைசியில் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறு தாளில் விருப்ப ஓய்வு கேட்டு எழுதினாள். இன்னும் மூன்று வருடச் சர்வீஸ் பாக்கி இருந்தது.

மேலாளர் அவள் அறைக்கே ஓடி வந்தாள். "அக்கா, என்னாலதானே? அந்த ரூலையே எடுத்துடறேன். நாளைக்கே எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க மேடம். ரூல் சரிதான்" என்றாள் மேப் அக்கா. "இந்த ரூமுக்குள்ள சாப்பாட்டைக் கொண்டுவந்தது நான். வேற யாராவது கொண்டுவந்திருந்தா நானே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பேன்."

"அப்ப ஏன்கா போறீங்க?"

"முன்னாடி என் முகத்தைத்தான் பாத்தாங்க. அது பரவாயில்ல. இப்ப நான் சாப்பிடறதை நினைச்சுப் பாக்கறாங்க. எல்லாரும் நல்லவங்கதான் மேடம். அதுதான் தாங்கல."

பிரிவு உபசாரம் அந்த ஹாலிலேயே நடந்தது. வேண்டாம் என்றுதான் சொன்னாள், யாரும் கேட்கவில்லை. கேக் வெட்டச் சொன்னார்கள், வெட்டினாள். டைப்பிஸ்ட் எல்லோருக்கும் முன்னால் வந்து, பிறந்தநாளுக்கெல்லாம் செய்கிற பழக்கத்தில் ஒரு துண்டை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினாள். நீட்டிய பிறகுதான் உணர்ந்தாள். கை பாதி வழியில் நின்றது. மேப் அக்கா அந்தக் கையைப் பிடித்து, திருப்பி, டைப்பிஸ்டின் வாய்க்கே கொண்டுபோனாள். டைப்பிஸ்ட் அழுதபடியே அந்தக் கேக்கை மென்று விழுங்கினாள்.

அதன் பிறகு அவள் வீட்டோடு இருந்தாள். கணவர் மதியம் கடையிலிருந்து சாப்பிட வர ஆரம்பித்தார். முதல் நாள் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். அவள் எழுந்துவிட்டாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இப்ப உக்காரு" என்றார்.

வெகுநேரம் கழித்து அவள் உட்கார்ந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி, அன்று வந்த மெஷினில் ஊசிக்கடியில் என்ன சிக்கியிருந்தது, அதை எப்படி எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. பின்னால் கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு முறை அந்தச் சத்தம் நின்று, நெடுநேரம் வரவேயில்லை.

"திரும்பட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க."

அவர் திரும்பவில்லை. ஊசியைப் பற்றியே மறுபடியும் பேசத் தொடங்கினார்.