கோணல் தலையில் பதிந்த பெயர்கள்

1983 மார்ச் 12 – கணினி – 2,350
மார்ச் 19 – டேப் ரெக்கார்டர், பழையது – 180
ஜூலை 2 – கேசட், பதினெட்டு – 144
ஆகஸ்ட் 6 – பழைய அட்டைகள், பதினொரு கிலோ, எடைக்குப் போட்டது – வரவு 22

இந்த நான்கு வரிகளும் ரசீதுக்காரரின் கையெழுத்து. நில அளவை அலுவலகத்தில் பதிவெழுத்தர். பேருந்துச் சீட்டைக்கூடத் தூக்கி எறியமாட்டார் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்ற நேரத்தில் இரத்த தானச் சங்கத்தின் செயலாளர். கொடையாளர்கள் 640 பேரின் விவரங்களையும் அட்டைகளிலிருந்து வீட்டுக் கணினியில் ஏற்றினார். மின்சாரம் நின்றால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் பட்டியலைக் கீச்சொலியாக்கி, பாட்டுக் கேட்கிற கேசட்டிலேயே பதிந்துவைத்தார். இரத்த வகைக்கு ஒன்று, பிரதி ஒன்று, ஆகப் பதினாறு. அவற்றைப் படிக்கும் நிரலுக்கு இரண்டு.

அக்டோபர் 15, சனிக்கிழமை, மாலை நாலு பத்துக்கு மருத்துவமனையிலிருந்து செவிலி அழைத்தார்.

“சார், ஓ நெகட்டிவ் வேணும். பிரசவக் கேஸ், ரத்தம் நிக்கல. ஆறு மணிக்குள்ள ஆள் வந்தாகணும்.”

“அஞ்சு நிமிஷத்துல நம்பர் தரேன்மா.”

நிரல் கேசட்டை ஓட்டினார். ஒலி வந்தது, திரையில் ‘பிழை’ என்பது மட்டும் வந்தது. பிரதியை ஓட்டினார். அதுவும் பிழை. பழைய அட்டைகள் எப்போதோ கூழாகியிருக்கும். விரல் வியர்த்துப் பொத்தான் வழுக்கியது.

தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மனைவி திரும்பினாள்.

“என்னங்க, சத்தம் ஒரு மாதிரி இருக்கே? முன்னெல்லாம் காதைக் குத்தும். இப்ப மூக்கடைச்சவன் பேசுற மாதிரி இருக்கு.”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன ஞாயிறன்று மைத்துனன் கடையில் வாங்கிய சதுரங்க விளையாட்டுக் கேசட்டோடு வந்திருந்தான். நேரான தலையில் பதிந்த அது இதில் ஏறாததால், நாடாவைப் படிக்கும் தலைக்குப் பக்கத்துத் திருகைத் திருப்பி, தலையை நேராக்கியிருந்தார். அந்தப் பழைய ரெக்கார்டரின் தலை வாங்கியபோதே கோணல். 640 பேரும் அந்தக் கோணலிலேயே பதிந்திருந்தார்கள். பிரதிகளும்தான்.

“எவ்வளவு திருப்பினீங்க?”

“எழுதி வைக்கல.”

“நீங்களா?” என்றாள்.

திருப்புளியை மயிரிழை அளவு நகர்த்துவதும் கேட்பதுமாக இருந்தார். இரண்டு முறை எல்லை தாண்டிப் போனது. நாலு நாற்பதுக்கு மறுபடி மணி அடித்தது.

“சார், அஞ்சு நிமிஷம்னீங்களே? அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் இங்க என் பக்கத்துலதான் நிக்கிறாரு.”

மனைவி ரிசீவரை வாங்கி, “தேடிக்கிட்டே இருக்கார்மா, வெச்சுடாதீங்க” என்றாள். அதைத் தோளில் இடுக்கிக்கொண்டு ரெக்கார்டரின் மேல் காதைச் சாய்த்தாள்.

“இன்னும். இன்னும் கொஞ்சம். ஐயோ, போதும்! கையை எடுங்க.”

ஒலி ஊசியாகக் குத்தியது. நாலு ஐம்பத்திரண்டு. நிரல் ஏற மூன்று நிமிடம், பட்டியல் ஏற ஒரு நிமிடம். பதினான்கு பெயர்கள். மனைவி ரிசீவரில் எண்களை வாசிக்க, செவிலி அழைத்துப் பார்த்தார்; மூன்று எண்களில் யாரும் எடுக்கவில்லை. நான்காவது ஒரு தச்சர்; வேலையைப் போட்டது போட்டபடி விட்டு, ஐந்து நாற்பதுக்கு மருத்துவமனையில் இருந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ரசீதுக்காரரின் பயம் மட்டும் போகவில்லை. திருகின் மேல் நகப்பூச்சு வைத்து அசையாமல் இறுக்கினார்.

“அக்காவுக்கு ஒரு நாளும் வாங்கித் தராதது ரெக்கார்டருக்கா, அத்தான்?” என்றான் மைத்துனன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

திரையைப் பார்த்துப் பார்த்துப் புதிய அட்டைகள் எழுதினார். கீச்சொலியில் ஏதாவது ஓர் எண் மாறியிருந்தால்? ஒவ்வொருவருக்கும் அட்டையின் நகலை அனுப்பி, சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம், பதில் வராத பெயர்களில் ஒன்றுதான் தேவைப்படுகிறது என்றே அவருக்குத் தோன்றியது. பிப்ரவரி முடிவில் 639 வந்துவிட்டன. மிச்சம் ஒரு லாரி ஓட்டுநர், ஓ நெகட்டிவ். எல்லாம் சரி என்று அவர் கையெழுத்திட்ட நகல் 1984 ஏப்ரல் 9 அன்று வந்தது.