அம்மா வாங்கிய மார்க்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். யார் கேட்டாலும் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன். மூன்றாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்கெல்லாம், பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அப்பாவின் வண்டியில் கொய்யாப்பழம் வாங்கிய அத்தனை பேருக்கும் தெரியும். திண்டிவனம் போகிறவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

அந்த வருஷம்தான் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் முடிந்து ஊசிகள் ஆரம்பித்தன. முடி கொட்டியது. அது கொட்டும் என்று எல்லோரும் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் அம்மா சாப்பிடுவதையும் பேசுவதையும் நிறுத்துவாள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தலை பின்னுவதையும் விட்டுவிட்டாள். தனக்கு முடி இல்லாததால் என் முடிமேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அப்பாவிடம், "என்ன இப்டியே வுட்டுடு. இனிமே ஊசிக்கு வரமாட்டேன்" என்றாள்.

அப்பா கெஞ்சித்தான் அவளைக் கூட்டிப்போனார். யாரோ ஒரு மேடம் வந்து அம்மாவிடம் மனசைப் பற்றிப் பேசுவார் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் ரயிலில் அப்பாவுக்கு ஒரே கவலை.

"இன்னா கேட்டாலும் நல்லா கீறேன்னு சொல்லு. இல்லாங்காட்டி பைத்தியம்னு எழுதிடுவாங்க."

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்த மேடம் அம்மாவின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார். அதில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போல ஒரு படம். கீழே பூஜ்யம், மேலே பத்து. பூஜ்யம் என்றால் மனதில் வேதனை இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வேதனை என்று அவர் விளக்கியபோது அப்பா சீட்டு வாங்கப் போயிருந்தார், நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். நாங்கள் திரும்பி வந்தபோது அம்மாவின் விரல் பூஜ்யத்தின்மேல் இருந்தது.

"அதான் மேடம், நல்லா கீறா. ஊசி போட்டா கொஞ்சம் களைப்பு, அவ்ளோதான்" என்றார் அப்பா, அட்டையைப் பார்க்காமலேயே.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் அம்மாவா சைபர்? அவள் காதருகே போய், "சைபர்னா ஃபெயில்மா. ஏத்து" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். விரல் மெல்ல மேலே நகர்ந்தது.

"இன்னும்மா."

விரல் பத்துக்குப் போய் அங்கேயே அழுந்தி நின்றது. மேடம் கைதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அண்ணா, பாப்பாவோட கொஞ்சம் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்.

"அப்பா, அம்மா பத்துக்குப் பத்து!"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் இருந்தவரிடம், "எங்க வூட்ல ரெண்டு பேருமே இப்டிதான் சார்" என்றார்.

அம்மா கண்கள் வீங்கி வெளியே வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன்னால் அந்த அறையில் உட்கார்ந்து பேசினாள். புதிதாக ஒரு மாத்திரையும் சேர்ந்தது. ஒருநாள் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்த அப்பா அதன்பிறகு அம்மாவின் மார்க்கை யாரிடமும் சொல்வதில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எட்டு, ஆறு என்று மார்க் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஏம்மா இப்டி வாங்கற?"

"அடுத்த தபா பாத்துக்கலாம், வாடி."

நோய் அடுத்த வருஷமே திரும்பி வந்து அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. அதனால் அந்த முதல் வருஷத்தில் கடைசி ஊசி போட்ட நாளின் சாயங்காலத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அன்று அம்மா வாங்கியது இரண்டு. வீட்டுக்கு வந்ததும் மீன் குழம்பு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். அப்பாவே வைத்தார்.

"இது கொழம்பா, மெரினாத் தண்ணியா?"

"துன்னுட்டுதானே திட்டுற?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா மறுபடியும் சோறு போட்டுக்கொண்டாள். பத்துக்கு இரண்டு வாங்கிவிட்டு எப்படி ஒருத்தியால் சிரிக்க முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். வந்து சாப்பிடச் சொல்லி அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் போகவில்லை.